வடிவு வண்டிக்கு ஃபில்டர்

மடியிலிருக்கும் பையைத் திரும்பவும் தொட்டுப் பார்க்கிறேன், சொட்டவில்லை, கழற்றிய பழைய ஃபில்டர் இரண்டையும் என் மனைவி வடிவு பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சிட்டு அதற்கு மேல் பழைய துண்டைச் சுற்றித்தான் கொடுத்தாள், இருந்தாலும் டீசல் வாடை எப்படியோ வழி கண்டுபிடித்து வெளியே வந்துவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஷேர் ஆட்டோவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கிழவன் டீசல் மூட்டையோடு ஏறினால் யார்தான் பார்க்க மாட்டார்கள். "வண்டி நின்னுபோச்சும்மா, ஃபில்டர் வாங்கப் போறேன்" என்று சொன்னேன், "ஓ" என்றார், மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எனக்கு இந்த வாடை பிடிக்கும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. வடிவின் கையில் எப்போதும் இந்த வாடை கொஞ்சம் இருக்கும், சந்தன சோப்பு போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் இருக்கும், தோசை வார்த்துக் கொடுக்கும்போது சட்னி வாசனைக்கும் நெய் வாசனைக்கும் அடியில் லேசாக இருக்கும், முதலில் முகம் சுளித்தேன், இப்போது அது இல்லாமல் சாப்பிட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. காலையில் முருங்கைத் தோட்டத்து மேட்டில் ஏறும்போது எங்கள் பழைய வேன் விக்கியது, ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை, குழந்தைக்கு விக்கல் எடுக்கிற மாதிரி, வடிவு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டாள், "டீசல் போகல" என்றாள், ஓரம் கட்டினாள், நின்றுவிட்டது. நேற்று சாயங்காலம் போட்ட டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது, முதல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்தாள், பழுப்பாக வடிந்தது, இரண்டாவதையும் கழற்றினாள், உள்ளே சேறு. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சாலையோரம் புல்லில் உட்கார்ந்தாள், என்னைப் பார்க்கவில்லை, ஃபில்டரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள், "பேசாம வித்திருவோமா?" நான் சொன்னேன், "உன் இஷ்டம்."

உன் இஷ்டம். ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது அந்த வார்த்தைதான் மேலே வருகிறது. ஏன் அப்படிச் சொன்னேன். மரியாதையாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன், வண்டி அவளுடையது, ஓட்டுகிறவள் அவள், அடியில் படுத்துக்கொண்டு நட்டைத் திருகுகிறவள் அவள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுக்கிறவன், விற்றுவிடாதே என்று சொல்ல எனக்கென்ன உரிமை என்று நினைத்தேன். ஆனால் அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும். எனக்கு ஒன்றுமில்லை, விற்றாலும் சரி வைத்திருந்தாலும் சரி என்றுதானே விழுந்திருக்கும். அதற்கும் மேலாக, நேற்று மத்தியானம் அறிவொளி போன் பண்ணினான், ஓசூரிலிருந்து, என் பையன், நல்ல பையன்தான், அக்கறையில்தான் பேசுகிறான், ஆனால் நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன், என் காது அப்படி. "இந்த வயசுல வெயில்ல எதுக்குப்பா அலையறீங்க, அவங்க கூப்பிட்டா நீங்களும் கெளம்பிருவீங்களா, வீட்ல இருக்கச் சொல்லுங்க, முடியலன்னா நீங்க மட்டும் இங்க வந்துருங்க" என்றான். நீங்க மட்டும். வடிவு அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி ஒரு நொடி நின்றது, பிறகு ஓடியது, சாம்பாரில் உப்பு மட்டும் போடவில்லை, நானும் கேட்காமல் சாப்பிட்டேன். ஆக, அவள் வித்திருவோமா என்று கேட்டது வண்டிக்காக இல்லை. நான் அவளுக்காகத்தான் வேனிலேயே தங்கி ஊர் ஊராகச் சுற்றுவதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்படி நினைக்கிற ஒருத்தியிடம் போய் உன் இஷ்டம் என்று சொன்னேனே. இறங்கி ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்றிருக்கிறது, ஆட்டோவோ ஒட்டன்சத்திரத்துக்குள் நுழைந்துவிட்டது, வெறும் கையோடு போய் எதைச் சொன்னாலும் அது பேச்சுதான்.

என் பெயர் குற்றாலிங்கம், தென்காசிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் யாரும் தலையாட்டுவார்கள், என் மனைவி அதே பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவராக இருந்தவள் என்று சொன்னால் தலையாட்டல் பாதியில் நிற்கும். செண்பகவடிவு என்று முழுப் பெயர். அவள் அப்பா லாரி வைத்திருந்தவர், மகளுக்கு சைக்கிளுக்கு முன்னாலேயே லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டார் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த நாட்களில் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "ஸ்டியரிங்க விட்டு எறங்க நேரமில்ல" என்பாள். ஆவுடை போன பிறகு, ஆவுடை என் முதல் மனைவி, அறிவொளியின் அம்மா, அவள் போன பிறகு எனக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பிள்ளைகளோடு வேனிலேயே கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பி வருவேன். வேன் காலியாகத் திரும்பும்போது வடிவு ஒன்றும் பேச மாட்டாள், நானும் பேச மாட்டேன், அது எனக்கு மருந்து மாதிரி இருந்தது. ஒருநாள் வேனுக்குப் பின்பக்கம் ஏதாவது வரைந்து கொடுக்க முடியுமா என்று கேட்டாள். மயில் வரைந்தேன், என் மனதை எல்லாம் கொட்டி வரைந்தேன், காய்ந்த பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சார், கோழி நல்லாருக்கு" என்றாள். நான் சிரித்தேன். அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன், நிறுத்த முடியவில்லை, வேன் டயரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அறிவொளியும் வந்தான், மாலை வாங்கிக்கொண்டுதான் வந்தான், அவளை இன்றுவரை "அவங்க" என்கிறான், கேட்டால் வேறென்ன சொல்றதுன்னு தெரியலையே என்பான், அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

இந்த வண்டி ஒரு நூல் மில்லில் ஆட்களை ஏற்றி இறக்கிய பழைய வேன். மூடிப்போன மில் கொட்டகையில், புறா எச்சத்துக்குக் கீழே நின்றதை வடிவு பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் தூங்கவில்லை. சீட்டை எல்லாம் எடுத்தோம், பின்னால் மடக்குக் கட்டில், பக்கத்தில் அடுப்பு, சுவரில் அஞ்சறைப் பெட்டியை ஆணி அடித்து மாட்டினாள், வளைவில் திரும்பும்போது சீரகம் மட்டும் எப்படியோ சிந்தும், எங்கள் வண்டியில் எங்கே கூட்டினாலும் சீரகம் வரும். ஜன்னலுக்குத் திரைச்சீலையில் நான் மஞ்சள் பூ வரைந்தேன், அதைப் பூ என்றே ஒத்துக்கொண்டாள். தனுஷ்கோடியில் ஒரு காலை, கட்டிலில் படுத்தபடியே ஜன்னல் வழியாகக் கடல், பக்கத்தில் அடுப்பில் பால் பொங்குகிறது, வடிவு வெளியே டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அப்போது நினைத்தேன், நினைத்ததைச் சொல்லவில்லை, நான் நினைப்பதையெல்லாம் நினைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறேன், அதுதான் என் வியாதி, நினைத்தேன், எனக்கு இது போதும் என்று. அந்தக் காலையை அவளிடம் சொல்லியிருந்தால் இன்றைக்கு அவள் புல்லில் உட்கார்ந்து அந்தக் கேள்வி கேட்டிருக்க மாட்டாள். ஆட்டோக்காரர் திரும்பி, "ஸ்பேர்ஸ் கடை கேட்டீங்கல்ல, இதான், எறங்குங்க" என்கிறார். மூக்கு மூடிய அம்மாள் நான் இறங்குவதற்காக முழங்காலை ஒதுக்கிக்கொண்டு, "நல்லபடியா கெடைக்கட்டும்" என்கிறார், நான் பையை அணைத்துக்கொண்டு இறங்குகிறேன்.

காய்கறி லாரிகள் வரிசையாக நிற்கிற ரோடு, நசுங்கிய தக்காளி நாற்றமும் கிரீஸ் நாற்றமும் கலந்து வருகிறது, கடைக்குள் கூரை வரை அட்டைப்பெட்டிகள். கல்லாவில் இருக்கிறவர் பெயர் சிக்கந்தர், அவரே கடை, அவரே ஆள், காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, "வாங்க சார், என்ன வேணும்" என்கிறார். வண்டியின் பெயரைச் சொன்னேன், வருஷம் சொன்னேன், டீசல் ஃபில்டர் இரண்டும் வேண்டும் என்றேன். ஒரு ஸ்டூலில் ஏறி இறங்கினார், இரண்டு பெட்டியை வைத்தார், இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா என்று இருந்தது. பையைப் பிரித்துப் பழையதையும் எடுத்து வைத்தேன், அதன் மேல் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதே உயரம், அதே பருமன், அதே கறுப்பு, பழையது மட்டும் அழுக்காகப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மாதிரியும் புதியது பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளை மாதிரியும் இருந்தது. "பில் போடட்டுமா" என்றார். போடுங்கள் என்று வாய் திறக்கப்போய், ஏனோ இரண்டையும் கவிழ்த்தேன். நடுவில் திருகுவதற்கு மரை போட்ட துளை. நாற்பது வருஷம் பிள்ளைகள் வரைந்த வட்டங்களைத் திருத்தியவன் நான், அந்த இரண்டு துளையும் ஒன்றில்லை. புதியதில் ஒரு நூலளவு சின்னது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தேன், ஒரு நூலளவு. என் மயிலையே கோழியாக்கிய கண் இது, இதை நம்பலாமா. "ரெண்டும் ஒண்ணுதானா பாய்?" என்று கேட்டேன். அவர் ஒரு டப்பாவைக் கிளறி மரை போட்ட சின்ன இரும்புத் துண்டை எடுத்துப் பழையதில் திருகினார், போனது, புதியதில் திருகினார், கொஞ்சம் போய்ச் சிக்கி நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சார், வண்டில எஞ்சின் மாத்தியிருக்கா?"

மாற்றியிருக்கிறது. கடவுளே, மாற்றித்தான் இருக்கிறது, எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், மலைச்சாலையில் மற்ற வேன்கள் திணறும்போது நம்முடையது ஏறும், அப்போதெல்லாம் டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்து, "ஒடம்பு வேனோடது, நெஞ்சு லாரியோடது" என்பாள், அதை ஏதோ கொஞ்சல் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், அது செய்தி. மில்லில் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு லாரி எஞ்சினை வைத்திருக்கிறார்கள். சொன்னேன். சிக்கந்தர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அத மொதல்லயே சொல்லணும்ல சார், வண்டி பேரச் சொன்னா வண்டிக்கு உண்டானதத்தான் நான் தருவேன், டீசல் குடிக்கிறது வண்டியா, எஞ்சினா?" "எஞ்சின்" என்றேன், வகுப்பில் பதில் சொல்கிற மாதிரி. "என்ன எஞ்சின்?" தெரியவில்லை. "லாரி எஞ்சின்ல ஏழெட்டு ரகம் இருக்கு, மரை மாறுனதப் போட்டு முறுக்கிட்டீங்கன்னா டீசல் கசிஞ்சு சூட்டு மேல விழும், அப்புறம் சங்கடம்" என்றார். டீசல் கசிந்து சூட்டின் மேல். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார். "மரை சேந்தா போதும்னு வேற கம்பெனிது குடுக்கலாம், ஆனா நான் குடுக்க மாட்டேன், எஞ்சின்ல ஒரு தகடு அடிச்சிருப்பான், அதுல இருக்கறதப் படிக்கச் சொல்லுங்க, வண்டிகிட்ட யாரு இருக்காங்க?" "என் வீட்டம்மா" என்றேன். "அப்ப போன் போடுங்க." போட்டேன்.

மணி அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை, தானாகவே நின்றது. வண்டிக்கு அடியில் இருப்பாள், டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரை வடிக்கப் போவதாகச் சொன்னாள், போன் சீட்டில் கிடக்கும். மறுபடி போட்டேன். அடிக்கிறது. சிக்கந்தர் இன்னொரு லாரிக்காரருக்கு பெல்ட் எடுத்துக் கொடுக்கிறார், அந்த லாரிக்காரர் சிரிக்கிறார், உலகம் பாட்டுக்கு நடக்கிறது, என் காதில் மணி மட்டும். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அன்றைக்கும் இப்படித்தான், மத்தியானம், பள்ளிக்கூட ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போன் பண்ணினேன், வரும்போது கத்தரிக்காய் வாங்கவா வெண்டைக்காய் வாங்கவா என்று கேட்பதற்கு, மணி அடித்தது, எடுக்கவில்லை, ஆவுடை கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன், பூசணிக்காய் வரையச் சொல்லிக்கொடுத்தேன், வரி வரியாக எப்படி வளைவு வரும், நிழல் எந்தப் பக்கம் விழும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தேன், அந்த நேரம் அவள் சமையலறையில் விழுந்து கிடந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, எடுத்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார், நான் நம்புகிறேன், டாக்டரை நம்புகிறேன், ஆனால் அந்த மணியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது. வடிவுக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாலும் ஓரம் கட்டி என் போனை எடுத்து, "இருக்கேன்" என்பாள், ஹலோ சொல்ல மாட்டாள், "இருக்கேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். இப்போது எடுக்கவில்லை. ஜாக்கி நழுவியிருந்தால். கல்லை முட்டுக் கொடுக்கச் சொன்னேனா, இல்லை, அவளுக்குத் தெரியாததா, ஆனால் என் மேல் வருத்தத்தில் இருக்கிறவள், உன் இஷ்டம் என்ற பதிலைக் கேட்டவள், முட்டுக் கொடுத்திருப்பாளா. அந்த மேட்டில் கல் லாரிகள் எவ்வளவு ஒட்டிப் போகின்றன. டீசல் கையோடு அடுப்பைப் பற்றவைத்திருந்தால். மறுபடி போட்டேன், இந்தத் தடவை மணிகூட அடிக்கவில்லை, அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது ஒரு பெண் குரல், சந்தோஷமான குரல்.

ஃபில்டரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். "பாய், நான் போயிட்டு வரேன், அவ எடுக்கல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன், இறங்கியவன் எந்தப் பக்கம் ஆட்டோ என்று தெரியாமல் நின்றேன், வெயில் கண்ணைக் குத்தியது. சிக்கந்தர் பின்னாலேயே வந்துவிட்டார், "சார், ஒக்காருங்க, மூஞ்செல்லாம் வேர்த்துப்போச்சு, சார்ஜ் போயிருக்கும், என் வண்டிலயே கொண்டுபோய் விடறேன், சாவிய எடுத்துக்கறேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், முன்பின் தெரியாத மனிதர். பைக்கை அவர் ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். எனக்கு அதை எடுக்கக் கை வரவில்லை. தெரியாத நம்பரில் நல்ல செய்தி எப்போது வந்திருக்கிறது. யாராவது லாரிக்காரர், யாராவது போலீஸ்காரர், இந்தம்மாவுக்கு நீங்க என்ன வேணும் என்று. எடுத்துக் காதில் வைத்தேன், பேசவில்லை. "இருக்கேன்" என்றாள் வடிவு.

"போன் டீசல் பக்கெட்டுக்குள்ள விழுந்துட்டு, எடுத்தா அணைஞ்சுட்டு, இது தோட்டத்து அக்கா போன், நீங்க அடிச்சுக்கிட்டே இருந்திருப்பீகளேன்னு ஓடிப்போயி வாங்கிட்டு வாரேன், எத்தன தடவ அடிச்சீக? கேக்கா? என்னங்க, கேக்கா?" கேட்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை, மூச்சுதான் வந்தது, அவளுக்கு அது புரிந்துவிட்டது, ஓடி வந்ததில் அவளுக்கும் மூச்சு வாங்கியது, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றோம், அவள் முருங்கைத் தோட்டத்தில், நான் ரோட்டில். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள், மெதுவாக. "மோர் குடிச்சேன். அந்த அக்கா ஒரு கட்டு முருங்கக்கா குடுத்திருக்காவ." "எஞ்சின் தகடு" என்றேன், என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான், நினைத்தது வேறு, வந்தது அது, "எஞ்சின் தகட்டுல என்ன எழுதியிருக்கு, வேனுக்கு உண்டானது சேராது, மரை சின்னதா இருக்கு, பாத்துட்டேன்." "நீங்களா பாத்தீக?" "நான்தான் பாத்தேன்." "அம்புட்டுத் தூரம் பாத்தீகளா" என்றாள், அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது, காலையிலிருந்து இல்லாதது. பிறகு நடக்கிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், துணியால் தேய்க்கிற சத்தம், தகட்டிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், நான் திருப்பிச் சொன்னேன், சிக்கந்தர் பைக்கை விட்டுவிட்டுக் காதிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார், "அட, இதுவா, இது நம்மகிட்ட இருக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார்.

ஸ்டூல் போதவில்லை, ஏணி போட்டார். மேல் தட்டிலிருந்து தூசி கொட்டியது, தும்மினார், ஒன்றை எடுத்து மரை போட்டுப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு போய் அடியில் உட்கார்ந்தது, இரண்டாவதும் அப்படியே. பெட்டிக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று நானே திறந்து பார்த்தேன், வடிவு அதைக் கேட்பாள். இருந்தது. ஏணி மேலிருந்தே, "ஒரு செட்டு போதும்ல சார்?" என்று கேட்டார். போதும். ஒரு செட்டு போட்டால் அடுத்த வருஷம் வரை ஓடும், விற்கிற வண்டி என்றால் அதுவே அதிகம். அப்படித்தான் யோசித்தேன், யோசிக்கிற நேரத்தில் அந்தத் தனுஷ்கோடிக் காலை வந்தது, பால் பொங்கியது, வெளியே யாரோ டயரைத் தட்டுகிற சத்தம் கேட்டது, இன்னும் பார்க்காத ஊர்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன, கொல்லிமலை, கோதாவரி, பெயர் தெரியாத ஏதோ ஆற்றங்கரை, அங்கெல்லாம் வண்டி விக்கி நிற்கும், நிற்கட்டுமே. "ரெண்டு செட்டு குடுங்க பாய்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பெல்ட் வாங்கிய லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார். பில் யார் பெயருக்கு என்றார். செண்பகவடிவு என்று சொல்லி எழுத்துக்கூட்டிக் கொடுத்தேன்.

சொன்னபடியே சிக்கந்தர் பைக்கில் கொண்டுவந்து விட்டார், தூரத்திலிருந்தே வண்டி தெரிந்தது, ஜாக்கிக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய கல் முட்டுக் கொடுத்திருந்தது. வடிவு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டோரம் நின்றாள், கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டு. நான் இறங்குவதற்குள்ளேயே சிக்கந்தர், "அம்மா, சார் பயந்துட்டாரு, இனிமே போன கழுத்துல கட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு, மோர் குடிக்கக் கூப்பிட்டதையும் கேட்காமல் கடை திறந்து கிடக்கிறது என்று திரும்பிப் போய்விட்டார். பையைக் கொடுத்தேன். திறந்து பார்த்தாள். ஒரு பெட்டியை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள், இன்னும் இரண்டு இருப்பதைப் பார்த்தாள். "இது எதுக்கு?" "அடுத்த தடவைக்கு." பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படிக்கிற மாதிரி அவள் குனிந்துகொண்டே இருந்தாள். இப்போது விட்டால் இதையும் நினைத்ததோடு விட்டுவிடுவேன் என்று தோன்றியது, அதனால் நல்ல வார்த்தை தேடாமல் வந்ததைச் சொன்னேன். "காலைல நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல வடிவு. விக்க எனக்கு இஷ்டம் இல்ல. நீ கூப்பிட்டு நான் வரல. நான்தான் வரணும்னு வாரேன். அறிவொளிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்." முழங்கையால் முகத்தைத் துடைத்தாள், கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. "எனக்கு பயமா இருந்துச்சு" என்றாள். "என்ன பயம்?" "நான் வாய்தவறிக் கேட்டுட்டேன், நீங்க சரின்னு சொல்லிருவீகளோன்னு. நீங்க பையத் தூக்கிட்டு ஆட்டோவுல ஏறிப் போகும்போது, அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருவீகளோன்னுகூட வந்துச்சு. கிறுக்கு." "டீசல் மூட்டையோட யாரு என்ன பஸ்ல ஏத்துவா?" என்றேன். சிரித்துவிட்டாள், சிரிக்கும்போதே கண்ணும் நிறைந்துவிட்டது, அதை மறைக்க அவசரமாக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள், கால் மட்டும் வெளியே தெரிந்தது, வலது கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது, சந்தோஷமாக வேலை செய்யும்போது அது ஆடும்.

நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன், வாஷருக்கு டீசல் தடவச் சொன்னாள், தடவினேன், என் நகக்கண்ணிலும் அந்த வாடை ஏறியது. திருகுகிற சத்தம் கேட்டது, சிக்காமல், முறுக்காமல், சுற்றிச் சுற்றி உள்ளே போகிற சத்தம். வெளியே வந்து, "இப்ப லைன்ல ஏர் எடுக்கணும், கைப்பம்ப அமுத்துங்க, நான் சொல்லுத வரைக்கும் நிறுத்தாதீக" என்றாள், ஸ்பானரை வைத்து மேல் திருகைத் தளர்த்திக்கொண்டு குனிந்தாள். கட்டைவிரலால் அமுக்கினேன். முதலில் வெறும் காற்று, உஸ் என்று போனது, பிறகு நுரை, சோப்பு நுரை மாதிரி, குமிழி குமிழியாக. "இன்னும்" என்றாள். விரல் வலித்தது, மாற்றிக்கொண்டேன். "இன்னும்." எங்கள் தலை இரண்டும் எஞ்சினுக்கு மேல் முட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது, அவள் கன்னத்துக் கோட்டைத் துடைக்கலாமா என்று நினைத்தேன், துடைத்தேன், அது இன்னும் அகலமாகியது. "வேலையப் பாருங்க" என்றாள். நுரை குறைந்தது, ஒரு குமிழி, அப்புறம் ஒன்று, அப்புறம் தெளிவாக, தேன் நிறத்தில் டீசல் வழிந்தது. திருகை இறுக்கினாள், ஓடிப்போய் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினாள், எஞ்சின் இழுத்தது, இழுத்தது, பற்றிக்கொண்டது, ஆடி, நிதானப்பட்டது. முருங்கைத் தோட்டத்து அக்கா வரப்பில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தட்டினார். வடிவு கண்ணை மூடித் தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் கேட்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏறுங்க" என்றாள். ஏறி உட்கார்ந்தேன். பழனிக்குப் போகிற வளைவில் திரும்பும்போது பின்னால் முருங்கைக்காய்க் கட்டு உருண்டு விழுந்தது, ராத்திரிக்கு அதுதான் சாம்பார், உப்பை நான் போடுகிறேன் என்றேன்.